குப்பையில் போடச் சொன்ன கடிதங்கள்

2025 மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரீச்சரக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை, பைக்குள் ஐந்து கடிதங்கள். ரீச்சரக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஊரில் பதினைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்த பிறகும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எங்கள் பிள்ளைகளின் காதைத் திருகியவர். அப்போது வயது எழுபத்து நான்கு. ஒருவரிடமும் ஒரு சதம் கடன் வைத்ததில்லை. அவர் அன்றைக்குக் கதிரை நுனியில் இருந்துகொண்டு, "தம்பி, வீட்டுச் சாமான் எடுக்க ஆள் வருமாம்" என்றார்.

கடிதங்களை வாங்கிப் பார்த்தேன். ஒரு சுப்பர்மாக்கற் கார் தரிப்பிடத்தில் நேரத்துக்கு மேலே நின்றதற்கு 100 பவுண். அதை அறவிடும் கம்பனி தன் பங்குக்கு 70 பவுண் போட்டு 170 ஆக்கியிருந்தது. முதல் கடிதம் கறுப்பு எழுத்து, மூன்றாவது சிவப்பு எழுத்து, ஐந்தாவதில் நீதிமன்றம், தீர்ப்பு, வீட்டுக்கு வருகை என்று எல்லாம் இருந்தது. கவனமாகப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'கூடும்' என்றொரு சொல் இருந்தது. பயந்தவர் கண்ணுக்கு அது தெரியாது.

"மகள் கட்டிப்போட்டு விடுங்கோ எண்டுறாள். கோயிலிலை கேட்டால் குப்பையிலை போடுங்கோ எண்டுகினம். எது சரி?"

கோயிலில் அப்படிச் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருத்தன். பல வருடம் சொன்னேன். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் சரியான புத்திமதிதான். பிறகு சட்டம் மாறிவிட்டது, நான் மாறவில்லை. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, என் நண்பர் ஒருவர் கொடுத்தார். அந்தக் கதையை எழுதுவதற்கு முன், இந்தக் கடிதங்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் 1984இல் இந்த நாட்டுக்கு வந்தபோது கார் நிறுத்துவது என்றால் தெருவில் நிறுத்துவது. காசு போடும் மீற்றர் லண்டனில் முதன்முதல் 1958 ஆடியில் மேபெயார் பகுதியில் வந்தது. இரண்டு வருடம் கழித்துத் தொப்பி போட்ட ரபிக் வார்டன்கள் வந்தார்கள். அதெல்லாம் அரசாங்கத்தின் வேலை. தனியார் காணியில் கார் விட்டால் காணிக்காரர் வந்து ஏசுவார், நாங்கள் 'சொறி' சொல்லி எடுத்துக்கொண்டு போவோம். அவ்வளவுதான்.

ஆனால் தனியார் தரிப்பிடத்துக்குள் கார் போனால் அங்கே ஒரு ஒப்பந்தம் உண்டாகிறது என்ற எண்ணம் சட்டத்தில் அப்போதே இருந்தது. 1964இல் ஒரு ட்ரம்பெற் வாத்தியக்காரர், தோர்ன்டன் என்பவர், பிபிசி நிகழ்ச்சிக்குப் போகிற வழியில் பிளீட் வீதிக்குப் பக்கத்தில் ஷூ லேன் என்ற இடத்தில் புதிதாகக் கட்டிய மாடிக் கார் தரிப்பிடத்தில் காரை விட்டார். திரும்பி வந்து காரை எடுக்கும்போது அங்கே விபத்தில் காயப்பட்டார். நட்டஈடு கேட்டபோது, 'காயத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று உள்ளே அறிவித்தல் போட்டிருக்கிறோம்' என்றார்கள். 1970இல் தீர்ப்புச் சொன்ன டெனிங் பிரபு அதை ஏற்கவில்லை. இயந்திரம் ரிக்கற்றைத் தள்ளிய பிறகு உள்ளே போய்ப் படிக்கிற நிபந்தனை ஒருவரைக் கட்டாது, அதை முன்கூட்டியே தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும் என்றார். அது அந்த மனிதருக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் தரிப்பிடக்காரர்கள் அதிலிருந்து வேறு பாடம் எடுத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். பலகையை வாசலிலேயே பெரிதாக வைத்தால் சரி. இன்றைக்கு ஒவ்வொரு சுப்பர்மாக்கற் வாசலிலும் நிற்கும் மஞ்சள் பலகைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த ட்ரம்பெற்காரர் ஞாபகம் வருவார்.

பலகைக்குப் பிறகு இரும்பு வந்தது. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் 1950களில் கண்டுபிடித்த சக்கரப் பூட்டு, 1983இல் லண்டன் தெருக்களுக்கு வந்தது. முதலில் பொலிஸ் போட்டது. பிறகு யார் யாரோ போடத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, ரூற்றிங்கில் மரக்கறி வாங்கப் போனபோது, கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் என் பழைய டற்சனை விட்டேன். பதினைந்து நிமிடம் இருக்காது. திரும்பி வந்தால் சக்கரத்தில் மஞ்சள் இரும்பு. பின் சீற்றில் ஏற இரண்டு பிள்ளைகள், கையில் மீன் பை. இரண்டு தடியன்கள் வானுக்குள் இருந்து சான்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். 95 பவுண், காசாகத்தான் வேண்டும் என்றார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் அங்கேயே நிற்க விட்டுவிட்டு வங்கி மெசினுக்கு நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அப்போது பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை, மூன்று இரவுச் சம்பளம் அது. பற்றுச்சீட்டுக் கேட்டதற்குச் சிரித்தார்கள். மீன் பழுதாகிவிட்டது என்பதை மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

ஸ்கொட்லாந்தில் இதை 1992இலேயே கப்பம் வாங்குவது என்று சொல்லி நீதிமன்றம் நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் அப்படி நடக்கவில்லை. ட்ரூரோ என்ற ஊரில் 40 பவுணுக்காக எழுந்த ஒரு வழக்கில், பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்தினால் பூட்டுப் போடுவதற்கும் சம்மதித்ததாகத்தான் அர்த்தம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எல்லையைத் தாண்டினால் கப்பம், தாண்டாவிட்டால் சம்மதம்.

இரும்புக்குப் பக்கத்திலேயே கடதாசியும் வளர்ந்தது. 2000களில் கண்ணாடியில் ஒட்டும் ரிக்கற்றுகள், பிறகு இலக்கத்தகட்டைப் படிக்கும் கமெராக்கள். இந்தக் கடதாசிகளைக் கண்டு எங்கள் ஆட்கள் நடுங்கினார்கள். காரணம் அந்த மூன்று எழுத்து: பி.சி.என். கவுன்சில் தருவதும் பி.சி.என்., தனியார் தருவதும் பி.சி.என். கவுன்சில் தருவது சட்டம் கொடுத்த அதிகாரத்தில் வரும் தண்டம். கட்டாமல் விட்டால் கடைசியில் அதிகாரத்தோடு வாசலுக்கு ஆள் வரும். தனியார் தருவது ஒரு விலைச்சீட்டு மாதிரி: 'எங்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர், இவ்வளவு தாரும்.' அதில் இருக்கிற சொல் தண்டம் இல்லை, கட்டணம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அந்தக் காலத்தில் நான் ஒரு கம்பனியில் கணக்கு வேலைக்கு மாறியிருந்தேன். கடிதம் எழுதத் தெரிந்த ஆள் என்று பெயர் வந்தது. எல்லாரும் கொண்டு வருவார்கள். நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது இதுதான்: ஒப்பந்தம் காரை ஓட்டியவரோடுதான். காரின் சொந்தக்காரர் யார் என்று ஸ்வான்சியில் இருக்கும் டி.வி.எல்.ஏ.யிடம் 2 பவுண் 50 சதம் கட்டிக் கம்பனி வாங்கிக்கொள்ளும். ஆனால் ஓட்டியது யார் என்று அந்தச் சொந்தக்காரர் தனியார் கம்பனிக்குச் சொல்லத் தேவையில்லை. சொல்லாவிட்டால் யாரைப் பிடிப்பது? அதனால் வழக்குப் போடுவது அரிது. "குப்பையிலை போடுங்கோ" என்று நான் சொன்னேன். சாமத்திய வீட்டில் சொன்னேன், செத்தவீட்டில்கூடச் சொன்னேன். ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

2012 ஐப்பசி முதலாம் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் காணியில் சக்கரப் பூட்டுப் போடுவது குற்றமாகியது. சுதந்திரங்களைப் பாதுகாக்கும் சட்டம் என்று அதற்கு அழகான பெயர். நான் அன்றைக்கு ரூற்றிங் முற்றத்தை நினைத்து மனைவியிடம் மீன் வாங்கிச் சமைக்கச் சொன்னேன். பூட்டை ஒழித்த 54ஆம் பிரிவை எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அதே சட்டத்தின் பின்பக்கத்தில் நான்காம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. அதை நான் படிக்கவில்லை. பூட்டைப் பறித்ததற்குப் பதிலாகக் கம்பனிகளுக்குக் கொடுத்த சாமான் அதற்குள் இருந்தது: ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, காரின் பதிவுக்காரரிடமே காசு கேட்கலாம். கமெரா மட்டும் பிடித்த கார் என்றால் 14 நாளுக்குள் அறிவித்தல் பதிவுக்காரர் கைக்குப் போக வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. மற்றபடி, 'யார் ஓட்டினது என்று சொல்ல மாட்டேன்' என்ற எங்கள் கேடயம் அன்றோடு உடைந்துவிட்டது.

மிச்சமிருந்த ஒரு கேடயமும் 2015இல் போனது. எசெக்ஸில் மீன்-சிப்ஸ் கடை வைத்திருந்த பெவிஸ் என்பவர், 2013 சித்திரையில் செம்ஸ்போர்ட்டில் ஒரு கடைத்தொகுதித் தரிப்பிடத்தில் காரை விட்டார். இரண்டு மணி நேரம் இலவசம். அவர் 56 நிமிடம் கூட நின்றுவிட்டார். பார்க்கிங் ஐ என்ற கம்பனி 85 பவுண் கேட்டது, 14 நாளுக்குள் என்றால் 50. அவர் கட்ட மறுத்தார். இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு எங்கிருந்து வரும், இது தண்டமல்லவா, தனியார் தண்டம் போடலாமா என்பது அவர் கேள்வி. ஒப்பந்தத்தில் தண்டம் வைக்கக் கூடாது என்பதற்கு நூறு வருடப் பழைய வழக்கொன்று இருந்தது, டன்லொப் ரயர் கம்பனியின் வழக்கு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 2015 கார்த்திகை 4ஆம் திகதி ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் கம்பனி பக்கம் நின்றார்கள். எல்லாருக்கும் இடம் கிடைக்கும்படி தரிப்பிடத்தை நடத்துவதில் கம்பனிக்கு நியாயமான அக்கறை உண்டு, 85 பவுண் அதற்கு மிகையில்லை என்றார்கள். டூல்சன் பிரபு ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விபரம் என் மனதில் நிற்கிறது. கார் தரிப்பிடத்தை நடத்துவதற்குக் காணிக்காரர் கம்பனிக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கம்பனிதான் காணிக்காரருக்கு வாரம் 1,000 பவுண் கொடுத்தது. பிந்தி வருகிறவர்கள் இல்லாவிட்டால் அந்த ஆயிரம் எங்கிருந்து வரும்? காணிக்காரர் யார் என்று பார்த்தால், பிரிட்டிஷ் எயர்வேஸின் ஓய்வூதிய நிதி. பென்சன்காரரான நான் இதில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

இனி என் நண்பர். பெற்றோல் ஸ்ரேஷனில் என்னோடு இரவு வேலை செய்தவர். 2016இல் அவருக்கும் இப்படிக் கடிதங்கள் வந்தன. தொலைபேசியில் கேட்டார். "என்ன அண்ணை, இன்னும் இதுக்குப் பயப்பிடுறியளே, குப்பையிலை போடுங்கோ" என்றேன். அவர் போட்டார். அறவிடும் கம்பனியின் கடிதங்களைப் போட்டார், அதற்குப் பின்னால் நோர்தாம்ப்ரனில் இருந்து வந்த கடித உறையையும் திறக்காமல் போட்டார். அது நீதிமன்றத்தின் வழக்குப் பத்திரம். பதினான்கு நாளுக்குள் பதில் போட்டிருக்க வேண்டும். பதில் இல்லாததால், விசாரணை எதுவும் இல்லாமல் அவருக்கு எதிராகத் தீர்ப்புப் பதிவாகிவிட்டது. சி.சி.ஜே. என்பார்கள்.

அடுத்த வருடம் மகனோடு சேர்ந்து வீடு வாங்க வங்கிக்குப் போனபோதுதான் அவருக்கே தெரியும். தீர்ப்பு 240 சொச்சம் பவுணுக்கு. ஒரு மாதத்துக்குள் கட்டியிருந்தால் பதிவு அழிந்திருக்கும். மாதங்கள் தாண்டிவிட்டன, இனி கட்டினாலும் ஆறு வருடம் நிற்கும். தீர்ப்பை நீக்கக் கேட்கலாம், அந்த மனுவுக்கு மட்டும் அப்போது 255 பவுண், அதற்கு நல்ல காரணமும் காட்ட வேண்டும். 'நண்பர் குப்பையில் போடச் சொன்னார்' என்பது நீதிமன்றத்துக்குக் காரணமாகுமா? பார்த்து வைத்திருந்த வீடு வேறொருத்தருக்குப் போனது. அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் நான் அவர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அது இன்னும் பெரிய பிழை.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். அறவிடும் கம்பனிக்கு உண்மையில் என்ன அதிகாரம்? ஒன்றுமில்லை. பெரும்பாலும் அவர்கள் தரிப்பிடக் கம்பனிக்காகக் கடிதம் எழுதித் தருகிறவர்கள். வீட்டுக்குள் வர முடியாது, சாமான் எடுக்க முடியாது, உங்கள் கடன் பதிவில் கை வைக்கவும் முடியாது. சாமான் எடுக்கிறவர்கள் வேறு, அவர்கள் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, அதைக் கட்டாமலும் விட்ட பிறகு வருகிறவர்கள். ஆனால் அறவிடுகிறவர்களின் வெறும் கடிதங்களுக்கு நடுவில்தான் வெறும் கடிதமில்லாத இரண்டு வரும். ஒன்று, வழக்குப் போடுவதற்கு முந்திய கடிதம். 2017 ஐப்பசியில் வந்த விதிப்படி அதற்குப் பதில் சொல்ல 30 நாள் தர வேண்டும், பதில் எழுதும் படிவமும் கூட வர வேண்டும். மற்றது நீதிமன்றப் பத்திரம். இந்த இரண்டையும் மற்றவற்றிலிருந்து பிரித்தெடுக்க, எல்லாவற்றையும் திறந்தே ஆக வேண்டும். நான் ஊருக்குச் சொன்ன புத்திமதியின் ஓட்டை அதுதான்.

அந்த 70 பவுணைப் பற்றி ஒரு வார்த்தை. பெவிஸ் வழக்கில் அப்படி ஒன்று இல்லை, கேட்டது 85 மட்டும். அந்த 85க்குள் நடத்துகிற செலவும் அடக்கம் என்றால் மேலே 70 எதற்கு? பாராளுமன்றத்துக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. 2019இல் தரிப்பிடக் கம்பனிகளுக்கு அரசாங்கமே நடைமுறைக் கோவை எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2022 மாசியில் கோவை வந்தது. 70 பவுணை முற்றாகத் தடை செய்தது, லண்டனுக்கு வெளியே பெரும்பாலான கட்டணங்களை 50 பவுணோடு நிறுத்தியது. கம்பனிகள் வழக்குக்குப் போயின. அதே வருடம் ஆனியில் அரசாங்கம் கோவையைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பிறகு 2024இல் கம்பனிகளின் சங்கங்கள் தாங்களே ஒரு கோவை எழுதிக்கொண்டன. 100 பவுணும் அதற்கு மேலே 70 பவுணும் அதில் அப்படியே இருந்தன. ரீச்சரக்கா வந்துபோன சில மாதங்களில், 2025 ஆடியில், அரசாங்கம் மறுபடி கருத்துக் கேட்கத் தொடங்கியது. சட்டம் போட்டு ஆறு வருடத்துக்குப் பிறகு!

ரீச்சரக்காவின் கதையில் இரண்டு சிக்கல். ஒன்று, மகளோடு குடிபோனபோது காரின் லொக் புக்கில் விலாசம் மாற்றவில்லை. முதல் அறிவித்தல்கள் எல்லாம் பழைய வீட்டுக்குப் போய், மேன்முறையீடு செய்கிற காலமும் முடிந்துவிட்டது. அறவிடுகிறவர்கள்தான் தேடிப் புது விலாசத்தைப் பிடித்தார்கள். விலாசம் மாற்றாமல் விட்டால் அதற்கே 1,000 பவுண் வரை தண்டம் உண்டு என்று சொன்னேன். கணக்கு ரீச்சருக்கு நான் கணக்குச் சொன்னது அன்றுதான்.

மற்றது அந்த நேரம். ஐந்து மணி நேரம் நின்றாராம். "ஐஞ்சு மணித்தியாலம் அங்கை நிண்டு என்னத்தை வாங்கிறது தம்பி? எனக்கென்ன விசரே?" அவரைக் கொண்டே அந்த நாளை நினைவுபடுத்த வைத்தேன். காலையில் பத்து மணிக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் வெளிக்கிட்டிருக்கிறார். பதினொன்றேகாலுக்கு ஆஸ்பத்திரியில் கண் பார்க்க வேண்டியிருந்தது. அது முடிந்து பின்னேரம் மூன்று மணிக்கு, கண்ணுக்கு ஊற்றும் மருந்து வாங்க அதே கடைக்குத் திரும்பியிருக்கிறார். கமெரா காலையில் உள்ளே போனதையும் பின்னேரம் வெளியே வந்ததையும் மட்டும் சேர்த்துவிட்டது. நடுவில் இருந்த போக்கும் வரவும் அதன் கண்ணில் படவில்லை. இது அடிக்கடி நடக்கிற பிழை.

ஆஸ்பத்திரி அட்டை அவரிடம் இருந்தது. பால் வாங்கிய பற்றுச்சீட்டும் இருந்தது, ரீச்சரக்கா பற்றுச்சீட்டு எறிகிற ஆளில்லை. அறவிடும் கம்பனிக்கு நாங்கள் எழுதவில்லை. தரிப்பிடக் கம்பனிக்கே எழுதினோம்: கடனை மறுக்கிறோம், அன்றைய நாளின் எல்லாப் படங்களையும் அனுப்புங்கள், இதோ அத்தாட்சி. தபாற்கந்தோரில் அனுப்பியதற்குச் சான்று வாங்கினோம், அது இலவசம். பதில் வரவில்லை. ஆறு வாரம் கழித்து, வழக்குக்கு முந்திய கடிதம் வந்தது. ரீச்சரக்கா தொலைபேசியில் அழுதார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், நண்பரின் ஞாபகம். மறுப்புப் படிவத்தை நிரப்பி, அதே அத்தாட்சிகளை மறுபடி இணைத்து, பத்தாம் நாளே அனுப்பினோம். நான் எழுதியதில் நேரக் கணக்கு ஒன்று பிழை. அவர் சிவப்புப் பேனையால் திருத்தித் தந்தார்.

வைகாசியில் இரண்டு வரிக் கடிதம் வந்தது. நல்லெண்ணத்தின் பேரில் கட்டணத்தை நீக்குகிறார்களாம். தங்கள் பிழை என்று ஒரு சொல் இல்லை.

அந்தப் பின்னேரம் நண்பருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "நல்லது" என்றார். பிறகு, "இப்ப நான் பீட்சாக் கடை நோட்டீசையும் திறந்துதான் பாக்கிறன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவருடைய பதிவு 2022இல் அழிந்தது. மகன் இப்போது லூட்டனில் வீடு வாங்கியிருக்கிறான்.

ரீச்சரக்கா பலகாரத்தோடு வந்தார். பொலித்தீன் பையைத் தூக்கிக் குப்பையில் போடப் போனவரை மறித்தேன். இப்படியான கடனுக்கு ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம், அந்த இரண்டு வரிக் கடிதத்தையாவது பத்திரமாக வைத்திருங்கள் என்றேன். அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார்.

"ஆறு வருசம் எண்டால் எனக்கு எண்பது தம்பி. நீர் வைச்சிரும்" என்று பையை என்னிடமே தந்துவிட்டுப் போனார். அலுமாரிக்கு மேலே இருக்கிறது.